பழைய சேர்ந்திசையா, புதிய ஒலியா? திரையிசைக் கேள்வி பதில்

கேள்வி: பழைய ஹாலிவுட் படங்களில் எழுத்து ஓடத் தொடங்கும்போதே இசை பொங்கி எழுந்துவிடும். இன்றைய படங்களில் அந்த இசை எங்கே போயிற்று?

பதில்: அந்த இசைக்குத் தாய்வீடு வியன்னா. 1933-ல் வந்த ‘கிங் காங்’ படத்துக்கு இசையமைத்த மாக்ஸ் ஸ்டெய்னரும், 1938-ல் வந்த ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்ற எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்டும் அந்நகரின் இசையரங்குகளில் உருவானவர்கள். மேடையில் பாத்திரங்கள் பாடிக்கொண்டிருக்க, கீழே அமர்ந்திருக்கும் இசைக்குழுவும் தன் பங்குக்கு ஓயாமல் கதை சொல்லும் ஓபரா மரபை அவர்கள் அப்படியே திரைக்குக் கொண்டுவந்தனர். ஒரு பாத்திரத்துக்கோ இடத்துக்கோ எண்ணத்துக்கோ உரியதாகச் சிறு இசைத்தொடர் ஒன்றை வகுத்து, கதை மாறும்போதெல்லாம் அதையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும் ‘லைட்மோட்டிஃப்’ என்னும் முறை, ரிச்சர்ட் வாக்னரின் ஓபராக்களில் ஓங்கி வளர்ந்து இவர்கள் வழியாகவே ஹாலிவுட்டில் குடியேறியது. இதற்குக் கலை மட்டுமன்றிச் சம்பளப் பட்டியலும் காரணம். பெரிய ஸ்டூடியோ ஒவ்வொன்றும் நிரந்தர ஊதியத்தில் ஒரு முழு இசைக்குழுவையும், மெட்டைக் கருவிகளுக்குப் பிரித்து எழுதுவோரையும், படியெடுப்போரையும் வைத்திருந்தது. 1950களின் இறுதியில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. எனினும் இன்றைய படங்களில் இசை குறைந்துவிட்டது என்பது சரியன்று. இரண்டரை மணி நேரப் படத்தில் இரண்டு மணி நேரம் இசை ஒலிப்பது இன்றும் அரிதில்லை. முன்வரிசையில் நின்ற மெட்டு, வெடிச்சத்தத்துக்கும் இயந்திர உறுமலுக்கும் வழிவிட்டுப் பின்வரிசைக்குப் போனதுதான் நடந்த மாற்றம்.

கேள்வி: படம் முடிந்து வீடு திரும்பும்போது முணுமுணுக்க முடியாத இசையும் இசைதானா?

பதில்: ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்துக் குளியலறைக் காட்சியின் இசையை எவரும் முணுமுணுத்ததில்லை, கேட்ட எவரும் மறந்ததுமில்லை. 1960-ல் வந்த அப்படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டுமே பயன்படுத்தினார். அதுவரை திகிலுக்கு உரியவையென்று கருதப்பட்ட முரசையும் பித்தளை ஊதுகருவிகளையும் அவர் முற்றாக விலக்கினார். அந்தக் காட்சியில் முதல் வயலின்கள் உச்சத்தில் ஒரே சுரத்தை வில்லால் வெட்டி வெட்டி இழுக்கின்றன. அடுத்த பிரிவு அதனோடு உரசும் வேறொரு சுரத்தோடு சேர்கிறது. இவ்வாறு ஒவ்வொரு குரலாக மேலிருந்து கீழே அடுக்கப்பட்டுக் கடைசியில் செல்லோவும் டபுள் பேஸும் வந்து இணையும்போது, வன்முறை நிறைவடைந்துவிடுகிறது. அக்காட்சிக்கு இசையே வேண்டாமென்று ஹிட்ச்காக் கூறியிருந்தும் ஹெர்மன் எழுதினார் என்பதும், இசையோடு பார்த்தபின் இயக்குநர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதும் திரை வரலாற்றில் பதிவான செய்திகள்.

1975-ல் வந்த ‘ஜாஸ்’ படத்தின் இசைக்கும் அடிப்படை அடுத்தடுத்த இரண்டே சுரங்கள். ஜான் வில்லியம்ஸ் அதைப் பியானோவில் வாசித்துக் காட்டியபோது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அதை விளையாட்டென்றே முதலில் நினைத்தார். சுறா வரும்போதெல்லாம் அவ்விரு சுரங்களும் வருகின்றன. சிறுவர்கள் அட்டைத் துடுப்பைக் கட்டிக்கொண்டு கடற்கரையையே அலற வைக்கும் காட்சியிலோ அவை வருவதில்லை. காதுள்ள பார்வையாளருக்கு உண்மையை இசை முன்பே சொல்லிவிடுகிறது. கதைக்கு இவ்வளவு வேலை செய்யும் இசையிடம் முணுமுணுப்புக்கும் ஒரு மெட்டு கேட்பது பேராசை.

கேள்வி: ஹெர்மன் ரசிகர்களும் ஹான்ஸ் ஸிம்மர் ரசிகர்களும் எந்நாளும் எலியும் பூனையும்தானா?

பதில்: இரு தரப்பாரும் நடத்துவது பங்காளிச் சண்டை. நீண்ட மெட்டை ஒதுக்கி, சில சுரங்களாலான துணுக்கைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, கருவிகளின் நிறத்தாலேயே மனநிலையை உருவாக்கும் வழியை ஹாலிவுட்டில் உறுதியாக நிறுவியவர் ஹெர்மன். அதே வழியில் கணினியோடும் மின்னணுக் கருவிகளோடும் நெடுந்தூரம் சென்றவர் ஸிம்மர். ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்துக்கு இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் அவரிடம் முதலில் கதையைத் தரவில்லை. அது விண்வெளிப் படம் என்பதைக்கூடச் சொல்லாமல், ஒரு தந்தைக்கும் குழந்தைக்கும் இடையிலான உறவைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பை மட்டும் அனுப்பினார். அதைப் படித்து ஸிம்மர் எழுதிய சிறு பியானோ இசையே 2014-ல் வந்த அப்படம் முழுவதற்கும் கருவாயிற்று. பின்னர் அது லண்டனிலுள்ள டெம்பிள் தேவாலயத்தின் குழாய் ஆர்கனில் பதிவு செய்யப்பட்டது. குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலியெழுப்பும் இக்கருவியின் ஒவ்வொரு சுரத்திலும் மூச்சின் ஓசை கலந்திருக்கிறது. மூச்சுக் காற்றையும் குப்பிகளில் அடைத்துச் சுமந்து செல்லும் மனிதர்களின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைத்திருக்காது.

கேள்வி: அந்தப் படத்தில் இசையின் இரைச்சலில் வசனமே காதில் விழவில்லையே. ஸிம்மரைத்தானே குறை சொல்ல வேண்டும்?

பதில்: குறை நியாயமானது, முகவரிதான் தவறு. வசனம், இசை, பிற ஓசைகள் ஆகியவற்றின் அளவுகளைத் தீர்மானித்து ஒன்றாக்கும் மிக்ஸிங் பணி இயக்குநரின் ஒப்புதலோடு நடப்பது. தாம் விரும்பியே அவ்வாறு செய்ததாக நோலன் வெளிப்படையாகக் கூறியுமிருக்கிறார்.

கேள்வி: சின்தசைசர் நுழைந்த நாளிலிருந்துதான் திரையிசை கெட்டது என்பது மூத்த ரசிகர்களின் கட்சி. சரிதானா?

பதில்: மூத்தவர்கள் போற்றும் மூத்தவரே அந்தக் கட்சியில் இல்லை. 1959-ல் ‘பென்-ஹர்’ படத்துக்குப் பிரம்மாண்டமான சேர்ந்திசை எழுதிய மிக்லோஷ் ரோஸா, 1945-லேயே ‘ஸ்பெல்பவுண்ட்’ படத்தில் தெரமினைப் பயன்படுத்தி ஆஸ்கர் வென்றார். கருவியைத் தொடாமல் அதன் அருகே கைகளை அசைத்தே வாசிக்கப்படும் மின்னணு வாத்தியம் அது. 1956-ல் வந்த ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்தில் லூயி பேரன், பீபி பேரன் தம்பதியர் முழுக்க மின்னணு ஒலிகளாலேயே பின்னணி அமைத்தனர். ஆனால் அதை இசை என்று குறிப்பிட இடமில்லாமல், மின்னணு ஒலிகள் என்றே பட எழுத்தில் போட்டார்கள். கருவியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

கேள்வி: பிறகு குற்றவாளிதான் யார்? பத்து சாகசப் படங்களின் பின்னணி இசையைக் கலந்து போட்டால் எது எந்தப் படம் என்று ஏன் தெரிவதில்லை?

பதில்: குற்றவாளியின் பெயர் டெம்ப் டிராக். படத்தொகுப்பு நடக்கும் மாதங்களில், காட்சியின் வேகத்தைப் பார்த்துக்கொள்வதற்காக வேறு படங்களிலிருந்தோ இசைத்தட்டுகளிலிருந்தோ எடுத்துத் தற்காலிகமாக ஒட்டிவைக்கப்படும் இசைக்கு அப்பெயர். நூறு முறை அதோடு காட்சியைப் பார்த்துப் பழகிய இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் வேறெந்த இசையும் அந்நியமாகப் படுகிறது. கடைசி வாரங்களில் வந்து சேரும் இசையமைப்பாளரிடம், வழக்கு வராத அளவுக்கு வேறாகவும் காது வேறுபாடு காணாத அளவுக்கு ஒத்ததாகவும் ஒன்றை எழுதித் தருமாறு கேட்கப்படுகிறது. நகல், நகலின் நகல் என்று தேய்ந்து வருவதற்குக் காரணம் திறமைக் குறைவன்று, இந்த நடைமுறையே.

இதற்கு மிகப் பெரிய சாட்சி 1968-ல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’. ஸ்டான்லி குப்ரிக் அதற்கு அலெக்ஸ் நார்த்தை இசையெழுத வைத்துப் பதிவும் செய்தபின், தாம் தற்காலிகமாக ஒட்டியிருந்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், யோகான் ஸ்ட்ராஸ், லிகெட்டி ஆகியோரின் படைப்புகளையே நிலைக்கச் செய்தார். தம் இசையில் ஒரு துளியும் இல்லை என்பது படத்தைத் திரையில் பார்த்தபோதுதான் நார்த்துக்குத் தெரிந்தது. அந்த இசையை அவருடைய நண்பரான ஜெர்ரி கோல்ட்ஸ்மித், நார்த் மறைந்தபின் 1993-ல் பதிவு செய்து வெளியிட்டார். அதே கோல்ட்ஸ்மித்தின் ‘ஏலியன்’ படத்திலோ, அவர் 1962-ல் ‘ஃப்ராய்ட்’ படத்துக்கு எழுதியிருந்த இசைப்பகுதிகள் தற்காலிகமாக ஒட்டப்பட்டு, அவர் புதிதாக எழுதியவற்றை வெளியே தள்ளிவிட்டுப் படத்திலேயே தங்கிவிட்டன. தம் பழைய இசையே தம் புதிய இசைக்குப் போட்டியாக வந்த கொடுமை அவருக்கு நேர்ந்தது. குப்ரிக்கின் தேர்வு அந்தப் படத்தை உயர்த்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் அசலையே வைத்துக்கொண்டார், பின்வந்தவர்கள் அசலைப்போல் ஒன்றை எழுதித் தரச் சொல்கிறார்கள்.

கேள்வி: அவசரத்தில் எழுதிய இசை தேறாது என்று பொருளா?

பதில்: இல்லை. 1974-ல் ‘சைனாடவுன்’ படத்துக்கு முதலில் எழுதப்பட்ட இசை நிராகரிக்கப்பட்டதும் அழைக்கப்பட்ட கோல்ட்ஸ்மித் பத்தே நாட்களில் வேலையை முடித்தார். நான்கு பியானோ, நான்கு ஹார்ப், தந்திக் கருவிகள், தாளக் கருவிகள், இவற்றின்மீது தனித்து மிதக்கும் ஒரு டிரம்பெட் என்று அவர் அமைத்த விசித்திரமான குழுவின் ஒலி, அதற்குமுன் எந்தப் படத்திலும் கேட்காதது.

கேள்வி: படத்துக்காக இசை மாறுவது வழக்கம். இசைக்காகப் படம் மாறியதுண்டா?

பதில்: உண்டு, நெஞ்சை விட்டு அகலாத காட்சிகள் பல அவ்வாறு பிறந்தவையே. 1982-ல் வந்த ‘ஈ.டி.’ படத்தின் இறுதிப் பகுதியில், சிறுவர்கள் மிதிவண்டிகளில் தப்பியோடுவது முதல் விண்கலம் புறப்படுவது வரை பிம்பத்தின் நொடிக்கணக்கோடு இசையைப் பொருத்த வில்லியம்ஸ் திணறியபோது, ஸ்பீல்பெர்க் திரையை அணைத்துவிட்டுக் கச்சேரியில் வாசிப்பதுபோல் வாசிக்கச் சொன்னார். பிறகு அந்தப் பதிவுக்கேற்பப் படத்தை மறுபடி வெட்டினார். 2019-ல் வந்த ‘ஜோக்கர்’ படத்துக்கு ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஹில்டுர் குட்னாடோட்டிர், படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையைப் படித்துச் செல்லோவில் இசை எழுதி அனுப்பியிருந்தார். கொலை செய்துவிட்டு ஓடிவந்த நாயகன் கழிப்பறைக்குள் மெல்ல ஆடத் தொடங்கும் காட்சி, அந்த இசையைத் தளத்திலேயே ஒலிக்கவிட்டபோது வாகீன் ஃபீனிக்ஸின் உடலில் உருவானது. முன்னது முழுச் சேர்ந்திசை, பின்னது ஒற்றைச் செல்லோவின் முனகல். இரண்டும் ஆஸ்கர் பெற்றவை. இசையமைப்பாளரை உரிய காலத்தில் அழைத்து மதித்ததே இரண்டுக்கும் பொது.

கேள்வி: ஆஸ்கரை வைத்தே இந்த வாதத்தை முடித்துவிடலாமே?

பதில்: ‘சைக்கோ’ இசைக்குப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. கோல்ட்ஸ்மித் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, ‘தி ஓமன்’ படத்துக்காகத்தான் வென்றார். தேர்வுக்குழு சரியாகத் தீர்ப்பளித்த ஆண்டுகளும் உண்டு: ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ இசைக்காக 2009-ல் ஏ.ஆர். ரஹ்மான் வென்றபோது, மின்னணுத் தாளமும் இந்தியக் குரல்களும் சேர்ந்திசைக்குச் சமமாக அதே மேடையில் ஏற்கப்பட்டன.

கேள்வி: பழமையில் ஊறிய ரசிகர் ஒருவருக்கு அண்மைப் படங்களில் எதைப் பரிந்துரைக்கலாம்?

பதில்: இரண்டு. 2022-ல் வந்த ‘ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ படத்துக்கு ஃபோல்கர் பெர்டல்மன், தம் கொள்ளுப்பாட்டியின் பழைய ஹார்மோனியத்தைச் சீர்செய்து, மூன்றே சுரங்களை அதில் வாசித்துக் கடும் உறுமலாக மாற்றினார். போர் இயந்திரத்தின் குரலாக ஒலிக்கும் அதற்குள், உற்றுக் கேட்டால், மரச்சட்டத்தின் கிரீச்சொலியும் கேட்கும். மற்றொன்று 2023-ல் வந்த ‘ஓப்பன்ஹைமர்’. லுட்விக் யோரன்சன் நாயகனின் உள்ளத்துக்கு வயலினைக் குரலாக்கினார். அணுவின் இயக்கத்தை இளைஞர் ஓப்பன்ஹைமர் கற்பனையில் காணும் பகுதியில் 21 முறை வேகம் மாறும் இசையை, துண்டு துண்டாக அன்றி ஒரே வீச்சில் இசைக்குழு வாசித்தது. இதைக் கேட்டபின்னும் இன்று சேர்ந்திசை செத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவர் கேட்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி: பழைய படங்களின் இசைத்தாள்கள் பத்திரமாக இருக்கின்றனவா?

பதில்: பல இல்லை. எம்.ஜி.எம். ஸ்டூடியோ தன் இசை நூலகத்தின் தாள்களை இடம் போதவில்லையென்று குப்பைமேட்டில் கொட்டிவிட்டது. பிரிட்டிஷ் இசை நடத்துநர் ஜான் வில்சன், எஞ்சிய சுருக்கப் படிகளைக்கொண்டும் படத்தின் ஒலித்தடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டும் அவ்விசையைக் கருவி கருவியாக மீட்டெழுதினார். அதற்கு முன்பே, 1972-ல், சார்ல்ஸ் கெர்ஹார்ட் லண்டனின் நேஷனல் பில்ஹார்மோனிக் குழுவைக்கொண்டு கோர்ன்கோல்டின் திரையிசையைப் புதிதாகப் பதிவு செய்தார். இசையமைப்பாளரின் மகன் ஜார்ஜ் கோர்ன்கோல்டே அதைத் தயாரித்தார். அந்த இசைத்தட்டு வந்தபின்தான், ஏளனமாக ஒதுக்கப்பட்டிருந்த பழைய ஹாலிவுட் இசைக்குப் புதிய தலைமுறை ரசிகர்கள் சேர்ந்தனர். பழைய இசையை நேசிப்போர் புதிய படங்களைச் சாடுவதில் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையேனும், இத்தகைய மறுபதிவுகளை விலை கொடுத்து வாங்கிக் கேட்பதற்கும், படத்தைத் திரையிட்டபடியே அதன் முழு இசையையும் மேடையில் வாசிக்கும் நிகழ்ச்சிகளுக்குச் செல்வதற்கும் ஒதுக்க வேண்டும். அடுத்த மறுபதிவுக்கான பணம் அங்கிருந்துதான் வருகிறது.