எதிரிக்கு முதுகு காட்டும் வீரன்

போர்க்களத்தில் புறமுதுகு காட்டுவதையே தொழிலாக வைத்துக்கொண்டு பெயரும் வாங்கிய ஒரே வீரன் வில்தான். வில்லாளியைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு வயிறு என்று பெயர். எதிரியைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு. மகன் முதுகில் புண்பட்டான் என்று கேள்விப்பட்டதும் மார்பை அறுத்தெறிவேன் என்று சபதம் செய்த தாயைப் பாடிய ஊர் நம்முடையது. நாமாக இருந்தால் இப்படிப் பெயர் வைத்திருக்கமாட்டோம். வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள்.

முதன்முதலாக நெடுவில் செய்ய உட்காருகிறவர் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எதற்கு இத்தனை மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவேண்டும்? ஒரே கட்டையில் செதுக்கினால் ஆகாதா? தாராளமாக ஆகும். ஆங்கிலேயர்கள் அப்படித்தான் செதுக்கினார்கள். அதனால்தான் அவர்களுடைய மன்னர்கள் ஒயின் கப்பலை வழிமறிக்க வேண்டியதாயிற்று.

நாணை இழுத்தால் வில்லின் முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். ஒரே மரம் இரண்டையும் தாங்குவது அபூர்வம். அந்த அபூர்வம் யூ மரத்துக்கு வாய்த்திருந்தது. கட்டையைப் பிளந்தால் வெளியே வெளுத்த வெளிறு, உள்ளே சிவந்த வைரம். நம் ஆசாரி வெளிறைச் சீவி அடுப்புக்கு அனுப்பிவிட்டு வைரத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். ஆங்கில வில்தச்சர் இரண்டையும் சேர்த்தே வைத்தார். இழுபடத் தாங்கும் வெளிறு முதுகாயிற்று. நசுங்கத் தாங்கும் வைரம் வயிறாயிற்று. பட்டை ஒட்டியவர் கடவுள், கூலி வாங்கியவர் தச்சர்.

இந்தக் கட்டையை வைத்துக்கொண்டு 1346-ல் கிரெஸியிலும் 1415-ல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுக் குதிரைவீரர்களைச் சல்லடையாக்கினார்கள். இடையில் 1363-ல் மூன்றாம் எட்வர்டு ஓர் ஆணை போட்டார். விடுமுறை நாளில் ஆண்பிள்ளைகள் அம்பெய்து பழகவேண்டும். பந்தாட்டம், சேவல்சண்டை எல்லாம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்ற கொடுமைக்கு இவரே மூலவர் என்பது என் சந்தேகம்.

தொல்லை என்னவென்றால், உள்ளூர் யூ மரம் முடிச்சும் கோணலுமாக வளர்ந்தது. நேரான கழி வேண்டுமென்றால் ஸ்பெயினுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் ஆள் அனுப்பவேண்டும். 1472-ல் நான்காம் எட்வர்டு சட்டம் கொண்டுவந்தார்: துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நாலு விற்கழி கொண்டுவரவேண்டும். தம்பி மூன்றாம் ரிச்சர்டு 1484-ல் இன்னும் ஒருபடி மேலே போனார். மாம்சி ஒயின் பீப்பாய் ஒன்றுக்குப் பத்துக் கழி. இந்த இருவருக்கும் நடுவில் பிறந்தவர் கிளாரன்ஸ் கோமான். ராஜத்துரோகம் என்று 1478-ல் அவரைத் தீர்த்துக்கட்டினார்கள். மாம்சி ஒயின் பீப்பாயில் முக்கித்தான் கொன்றார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தக் குடும்பத்துக்குப் பீப்பாயோடு ஏதோ பூர்வஜென்மப் பகை.

1545-ல் ராஜர் ஆஸ்கம் என்ற கேம்பிரிட்ஜ் வாத்தியார், வில்வித்தையின் பெருமை பேசும் ‘டாக்ஸோஃபிலஸ்’ என்ற நூலை எட்டாம் ஹென்றிக்குச் சமர்ப்பித்து, ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு உபகாரச் சம்பளம் வாங்கினார். அதே ஆண்டு ஜூலை 19 அன்று, மன்னர் கரையில் நின்று பார்க்கப் பார்க்க, மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் விற்கட்டோடு மூழ்கியது. 1982-ல் கப்பலைத் தூக்கினார்கள். அகழ்வில் கிடைத்த முழு நெடுவிற்கள் மட்டும் 137. இழுவிசையைக் கணக்கிட்டவர்கள் 100 பவுண்டிலிருந்து 180 வரை சொன்னார்கள். இன்றைய ஒலிம்பிக் வீரர் இழுப்பது சுமார் 50. ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் வீண்போகவில்லை.

யூ கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? ஒட்டினார்கள். துருக்கி வில்தச்சர் நடுவில் மெல்லிய மரத்தை வைத்து, வயிற்றில் எருமைக்கொம்பையும் முதுகில் விலங்கின் தசைநாரையும் வச்சிரம் காய்ச்சி ஒட்டினார். எமனுடைய வாகனத்தின் கொம்பில் வில் செய்தவரின் நகைச்சுவை உணர்ச்சியைப் பாராட்டவேண்டும். காய்ந்து முடிய மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும். ஈரக்காற்று பட்டால் வச்சிரம் இளகும். இங்கிலாந்துக்கு அது ஏன் போகவில்லை என்று தனியாக விளக்கவேண்டியதில்லை. அங்கே கோடைகாலத்தில்கூடக் குடை பிடிக்கிறார்கள்.

போகவே இல்லை என்றும் சொல்லமுடியாது. 1790-களில் துருக்கித் தூதரின் செயலாளர் மஹ்மூத் எஃபெந்தி அப்படியொரு வில்லோடு லண்டன் மைதானத்துக்கு வந்தார். அம்பு 482 கெஜம் தள்ளிப் போய் விழுந்தது. வேடிக்கை பார்த்த ஆங்கில வில்லாளர் சங்கத்துக் கனவான்களில் ஒருவரும் அந்தத் தூரத்தை நெருங்கியதில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொண்டார்களோ தெரியாது. வில்லை மட்டும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒட்டிய வில்லின் விறைப்புக்கு ரகசியம் நடுவில் இருக்கும் அந்த மரத்தில் இருக்கிறது. பங்காளிச் சண்டையில் மத்தியஸ்தராக உட்கார்ந்த பெரியவர் மாதிரி அது. அண்ணன் இழுக்கிறான், தம்பி நெருக்குகிறான். பெரியவரை யாரும் இழுப்பதுமில்லை, நெருக்குவதுமில்லை. அவருக்கு ஒரே வேலை, இருவரையும் தள்ளித் தள்ளி உட்காரவைப்பது. எவ்வளவு தள்ளி வைக்கிறாரோ அவ்வளவு விறைப்பு. ஆனால் பெரியவர் சும்மா இருக்கிறார் என்று நினைக்கவேண்டாம். சீட்டுக்கட்டை வளைத்துப் பாருங்கள், சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். பசை போட்டால் நழுவமுடியாது. நழுவத் துடிக்கும் அந்த இழுபறி முழுக்க நடுவில்தான் வந்து விடிகிறது. மத்தியஸ்தரின் வேட்டி கிழிவது உலக வழக்கம்.

1930-களில் அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி இதையெல்லாம் கணக்குப் போட்டார். பெயர் கிளாரன்ஸ் ஹிக்மன். இவரும் கிளாரன்ஸ்தான், பீப்பாய் சம்பந்தம் இல்லை. 1918-ல் ராக்கெட் மேதை கோடார்டிடம் வேலை பார்த்தபோது வெடிவிபத்தில் விரல்களைப் பறிகொடுத்தவர், மிச்ச விரல்களோடு வில்லை எடுத்தார். அவர் கண்டது, ஆங்கில வில்லின் உருண்ட வயிறு சுத்த வீண். தொந்தி பெருத்தால் அதன் நுனி மட்டும் எல்லா நசுக்கலையும் வாங்கும், பக்கத்துச் சதை வேடிக்கை பார்க்கும். வில் தட்டையாக இருந்தால் அத்தனை மரமும் வேலை செய்யும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடியிழைப் பட்டை வந்தது. முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று, ஒவ்வொன்றும் சுமார் ஒரு மில்லிமீட்டர். உள்ளே இருந்த மரம் முழுநேர மத்தியஸ்தராகப் பதவி இறங்கியது.

அறுநூறு ஆண்டு தொந்தி தப்பு என்று தெரிந்ததும் ஆங்கிலேயர்கள் என்ன செய்தார்கள்? தொந்தி இல்லாவிட்டால் அது நெடுவில்லே அல்ல என்று விதி எழுதினார்கள். வில்லின் வளையும் பகுதியான கையின் தடிமன் அதன் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக்கூடாது. ஆனால் பட்டை ஒட்டலாம். ஆக, யூ கிடைக்காத இன்றைய வில்தச்சர் ஹிக்கரியையோ மூங்கிலையோ முதுகாக்கி, லெமன்வுட் மாதிரி நசுங்கத் தாங்கும் மரத்தை வயிறாக்கி, இடையில் ஒரு பெரியவரை உட்காரவைத்து, கடவுளுடைய யூ மரத்துக்குக் கள்ளநோட்டு அடிக்கிறார்.

அடிக்கலாம், தப்பில்லை. கையில் இழைப்புளி இருக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதே வேகத்தில் இறங்கவும் செய்யும். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள வில்லின் கையில் நீளம் நெடுக அரை மில்லிமீட்டர் அதிகமாகச் சீவினால் 50 பவுண்டு வில் 44-க்கு வந்து நிற்கும். பட்டைகள் எல்லாம் கைப்பிடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனாக இருந்தால் கைப்பிடிப் பக்கம் மட்டும் வளைந்து நுனிகள் மரக்கட்டையாக நிற்கும். ஒன்றிரண்டையாவது நுனியை நோக்கி மெலிய இழைக்கவேண்டும். மூங்கிலின் வெளிப்பக்கத்தைச் சீவக்கூடாது, கணுவைத் தட்டையாக்கக்கூடாது. அந்த நார்தான் இழுவையைத் தாங்குகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் எது முதுகு, எது வயிறு என்று பென்சிலில் எழுதிவையுங்கள். நாணைத் தலைகீழாகக் கட்டி இழுத்தால் ஒரு சத்தம் வரும், மிதிலை வரைக்கும் கேட்கும். ஜனகர் பெண் கொடுக்கமாட்டார். கீழ்வீட்டுக்காரர்தான் வருவார், அதுவும் பேசமாட்டார், முறைப்பார்.