சதமடித்தால் சுங்கமில்லை

பிராட்மனின் 29 டெஸ்ட் சதங்களை எட்டிப்பிடித்த சச்சினுக்கு ஃபியட் நிறுவனம் ஒரு ஃபெராரி காரைப் பரிசளித்தது. இறக்குமதி வரி மட்டும் சுமார் 1.13 கோடி ரூபாய். 2003இல் மத்திய அரசு பெரிய மனசு பண்ணி அதைத் தள்ளுபடி செய்தது. ஊர் முணுமுணுத்தது, விவகாரம் கோர்ட் படியேறியது; கடைசியில் ஃபியட்டே பணத்தைக் கட்டியது.

துபாயில் நாலு வருஷம் காய்ந்து, டிவிப் பெட்டியும் கையுமாக மீனம்பாக்கத்தில் இறங்குகிறவரிடம் சுங்க அதிகாரி “பில் எங்கே?” என்றுதான் கேட்கிறார். “எத்தனை சதம்?” என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவரும் சொல்வார்: “அங்கே வெயில் தினம் தினம் சதமடிச்சுது சார். நான் அவுட்டாகாம நின்னேன்!”