44-ஆம் எண்ணுக்கு உரியவர் யார்? தடை விடைகளால் நிறுவும் ஓர் ஆய்வு

அமெரிக்க பேஸ்பாலில் ஆட்டக்காரரின் முதுகில் தைக்கப்படும் எண், தொலைவில் இருக்கும் ரசிகர் ஆளை இனங்காண உதவும் குறியாகத் தொடங்கி, நாளடைவில் அவருடைய கோத்திரமாகவே ஆகிவிட்டது. 1929-இல் நியூயார்க் யாங்கீஸ் அணி, மட்டையாளர்கள் களமிறங்கும் வரிசையையே அவர்களுக்கு எண்ணாக வழங்கியது. மூன்றாவதாக இறங்கிய பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக இறங்கிய லூ கெரிக்குக்கு 4 என அமைந்தது. பின்னர் வரிசை மறைந்து எண் மட்டும் எஞ்சியபோது, ஓர் எண்ணை அணிந்தவர்களுள் தலைசிறந்தவர் யார் என்னும் வழக்கு பிறந்தது. எல்லா எண்களுக்கும் இவ்வழக்கு எழுவதில்லை. 1951-இல் செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணிக்காக ஒரே ஒருமுறை மட்டை பிடித்த எடி கெய்டல் 1/8 என்னும் பின்னத்தை முதுகில் தாங்கி வந்தார்; அந்த எண்ணில் அவருடைய முதன்மையை இன்றுவரை எவரும் மறுத்ததில்லை.

44-இன் நிலை வேறு. ஹாங்க் ஏரன், வில்லி மெக்கோவி, ரெஜி ஜாக்சன் என்னும் மூவரும் அதற்கு உரிமை கோரத் தக்கவர்கள். மூவருமே ஹோம் ரன்னுக்குப் பேர்போனவர்கள். ஹோம் ரன் என்பது, பெரும்பாலும் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டு, மட்டையாளர் நான்கு தளங்களையும் சுற்றி வந்து ஓட்டம் சேர்ப்பதாகும். கிரிக்கெட்டின் சிக்ஸருக்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். ஏரன் 755, ஜாக்சன் 563, மெக்கோவி 521 என்பது ஊரறிந்த கணக்கு.

எனினும் இக்கணக்கை அப்படியே ஏற்பதற்கு ஒரு தடை உண்டு. வழக்கு ஆளைப் பற்றியதா, சட்டையைப் பற்றியதா என்பதே அத்தடை. ஆளே குணி, எண் அவரைச் சார்ந்த குணம் என்போரை ஆள்வாதிகள் என்றும், எண்ணை அணிந்திருந்த காலத்துச் செயல்களே அவ்வெண்ணுக்குரியவை என்போரைச் சட்டைவாதிகள் என்றும் இங்கே வழங்கலாம். சட்டைவாதம் கடுமையானது, ஆனால் வினா எண்ணைப் பற்றியது ஆதலால், தர்க்கம் அதன் பக்கமே சாய்கிறது.

சட்டைவாதத்தின்படி முதலில் அடிபடுபவர் ஜாக்சன். ஓக்லாந்திலும் பால்டிமோரிலும் அவர் புகழ் ஈட்டியது 9-ஆம் எண்ணில். 1977-இல் யாங்கீஸுக்கு வந்தபோது அந்த எண் கிரெய்க் நெட்டில்ஸிடம் இருந்தமையால், அவர் 44-க்குக் குடிபெயர்ந்தார். அதன் பின்னர் யாங்கீஸுக்கு 144, ஏஞ்சல்ஸுக்கு 123, கடைசி ஆண்டில் மீண்டும் ஓக்லாந்துக்கு 15 என அவர் அடித்தவை 282. அதற்கு முன் அடித்தவை 281. தம் வாழ்நாள் உழைப்பை இவ்வளவு நேர்மையாக இரு பங்காக்கிய பாகப்பிரிவினை சொத்து வழக்குகளில்கூட அரிது. 1977 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், மூன்று பந்தெறிவாளர்கள் வீசிய மூன்று பந்துகளை அடுத்தடுத்து வேலி கடத்தியதும் 44-ஆம் எண் சட்டையில்தான் என்பதை அவர் தரப்பு எடுத்துரைக்கும். ஓர் இரவின் சிறப்பாக அதை ஏற்கலாம். எண்ணின் உரிமைக்கு அது போதாது.

மெக்கோவியின் வழக்கு உருக்கமானது. அவரும் ஏரனும் அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்தவர்கள். ஏரனைப் போற்றியே அவர் 44-ஐ அணிந்தார். அவருடைய 521-உம் அந்த எண்ணுக்கே உரியவை. 1963-இல் ஒரே ஊரில் பிறந்து ஒரே எண்ணை அணிந்த இவ்விருவரும் ஆளுக்கு 44 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். எண்ணுக்கும் ஆளுக்கும் இவ்வளவு நெருக்கமான பொருத்தத்தைச் சோதிடர்கள்கூடக் கணித்துக் கூறத் துணிந்திருக்க மாட்டார்கள். ஏரன் 1957, 1966, 1969 ஆகிய ஆண்டுகளிலும் சரியாக 44-இலேயே நின்றார். 1969-இல் மெக்கோவி 45 அடித்து லீக்கில் முதல்வரானார், எண்ணின் இலக்கணத்தையும் மீறினார்.

ஏரனும் சட்டைவாதத்திலிருந்து முற்றிலும் தப்புவதில்லை. முதல் ஆண்டான 1954-இல் அவர் அணிந்தது 5. அவ்வாண்டின் 13 ஹோம் ரன்களைக் கழிக்க 742 எஞ்சும். அப்போதும் அவரே முதல்வர் என்பதில் ஐயமில்லை. ஆயின் 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் ரூத்தின் 714 என்னும் வாழ்நாள் சாதனையைக் கடந்து அவர் அடித்த 715-ஆவது ஹோம் ரன், சட்டைவாதத்தில் வெறும் 702-ஆவதாகிவிடும். போதாக்குறைக்கு, அன்று பந்தெறிந்த டாட்ஜர்ஸ் அணியின் அல் டௌனிங்கின் முதுகிலும் 44 இருந்தது. பந்து 44-இன் கையிலிருந்து புறப்பட்டு 44-இன் மட்டையில் பட்டு வேலி கடந்தது ஆதலின், அந்த எண் அன்று வென்றதா தோற்றதா என்பதைச் சட்டைவாதிகளே தீர்க்க வேண்டும்.

சாதனை தாழ்ந்தது என்று மகிழ்வோருக்கு விடை வருமாறு. 1928 வரை ரூத் எண்ணே அணியவில்லை. அதுவரை அவர் அடித்த 470-ஐயும் அதே முறையில் கழித்தால், 3-ஆம் எண்ணில் அவருக்கு 244 மட்டுமே தேறும். 44-ஆம் எண்ணில் 1961 முடிய 240 அடித்திருந்த ஏரன், 1962-இன் ஐந்தாவது ஹோம் ரன்னிலேயே அதைக் கடந்துவிட்டார். ரூத்தை ஒரு கறுப்பர் முந்துவதா என்று 1973-இலும் 1974-இலும் ஏரனுக்குக் கொலைமிரட்டல் கடிதங்கள் எழுதியவர்கள், இக்கணக்கின்படி பதினோரு, பன்னிரண்டு ஆண்டு தாமதமாகத் தபால்தலை வாங்கியவர்கள் ஆவர். ரூத்தின் அன்பர்கள் அந்த 470-ஐ விட்டுக்கொடுக்க ஒருபோதும் உடன்படார். அவர்கள் உடன்படும்வரை ஏரனின் 13-ஐயும் எவரும் தொட வேண்டியதில்லை.