ரிவோல்வர் முதலாளி

ரிவோல்வர் முதலாளி என்பவர் ரிவோல்வர் வைத்திருக்கும் முதலாளி அல்லர், வாங்கப்போகும் முதலாளி. மாத்தளை மாவட்டத்தில் இந்த வகையினர் திருகோணமலை வீதியை ஒட்டிய மிளகு, கராம்பு, சாதிக்காய்க் கொள்முதல் கடைகளிலும், உக்குவளை, ரத்தோட்டைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலும், தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறிகளின் முன்னிருக்கையிலும் காணப்படுவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மகளின் கலியாணம் முடிந்திருக்கும், சீனி வருத்தம் தொடங்கியிருக்கும். கையில் கொஞ்சம் ஓய்வும் கைபேசியில் கொஞ்சம் டேட்டாவும் சேர்ந்து கிடைக்கும் அந்தப் பருவத்தில்தான் ஆசை தலைகாட்டுகிறது.

காரணம் கேட்டால் பாதுகாப்பு என்பார். எவரிடமிருந்து என்று கேட்டால் ஒரு கதை வரும். மிளகு விலை ஏறிய வருடத்தில் எவனோ ஒருவன் இரவோடிரவாகக் கொடியோடு உருவிக்கொண்டு போன கதை அது. கதையில் வரும் களவு எப்போதும் அடுத்த ஊரில் நடந்ததாகவே இருக்கும். முதலாளியின் சொந்தத் தோட்டத்தில் இதுவரை களவெடுத்தவை குரங்குகள் மட்டுமே. அவை பகலில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தவை.

இந்த வகையினரை இனங்காண அவர்களுடைய சொற்களைக் கவனித்தால் போதும். மாத்தளையில் சாதாரண மனிதர் துவக்கு என்பார். சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான் என்பதால் சந்தையில் மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. பத்திரிகையும் சினிமாவும் துப்பாக்கி என்கின்றன. சட்டம் மட்டும் சுடுகலன் என்கிறது. தேநீர்க்கடையில் உட்கார்ந்து சுடுகலன் என்று ஒருவர் சொல்கிறார் என்றால் அவர் விண்ணப்பப் படிவத்தைத் தொட்டிருக்கிறார் என்று பொருள். நோய் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது.

முதற்கட்டம் படிப்பு. பாடசாலையில் எட்டாம் வகுப்போடு நின்றவர்கூட இதில் பட்டதாரி ஆகிவிடுகிறார். அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் பேசும் வீடியோக்களை, மொழி பாதி விளங்காமலும் தவறவிடாமலும் பார்க்கிறார். கோல்ட் கம்பனி 1927இல் கொண்டுவந்த டிடெக்டிவ் ஸ்பெஷலில் ஆறு குண்டு என்பதும், ஸ்மித் அண்ட் வெசன் கம்பனி 1950இல் கொண்டுவந்த சீஃப்ஸ் ஸ்பெஷலில் ஐந்தே குண்டு என்பதும் அவருக்கு மனப்பாடம். ஒரு குண்டைக் குறைத்ததால் சுழலும் உருளை மெலிந்தது, உருளை மெலிந்ததால் இடுப்பில் துருத்தாது என்பது கம்பனியின் கணக்கு. முதலாளிக்கு இது ஒப்பவில்லை. காசு கொடுத்து வாங்கும் பொருளில் ஒன்று குறைகிறது என்றால், அது எந்தக் கணக்கானாலும், மாத்தளையில் நட்டம்தான். ஐந்தா ஆறா என்ற இந்த ஒரு கேள்வியில் எட்டு மாதம் போகும்.

அடுத்த எட்டு மாதம் பாரத்தில் போகும். சிறிய ரிவோல்வர் புதிதாகப் பழகுபவருக்கு ஏற்றது என்பது கடைக்காரர் சொல்வது. கையாளத் தெரிந்தவர்கள் நேர்மாறாகச் சொல்வார்கள். பாரம் குறையக் குறைய உதைப்பு கூடும். குழல் இரண்டு அங்குலந்தான் என்றால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில் தூரம் இல்லை. கை நூலளவு ஆடினாலும் குண்டு முழக்கணக்கில் விலகும். விசையோ கிட்டத்தட்ட ஐந்து கிலோ இழுவை கேட்கும். வெளியே தனியாகப் பூட்டு எதுவும் இல்லாத இந்த வகையில் அந்தக் கடினம்தான் பாதுகாப்பு. அதாவது, தொடக்கக்காரருக்கென்று விற்கப்படும் சாமான், தேர்ந்தவர்களையே திணறடிக்கும் சாமான். முதலாளி இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, “அப்ப இருக்கிறதிலேயே சின்னது எது?” என்பார்.

எடைக்குப் பழகுவது பயிற்சியின் முதற்படி. கடைத் தராசு கையெட்டில் இருப்பதால் இதில் சிரமமில்லை. ஐந்நூற்றைம்பது கிராம் மிளகை நிறுத்துச் சீலைப்பையில் கட்டி, சாரத்தின் வலப்பக்க மடிப்பில் செருகிக்கொண்டு முதலாளி வீதியில் இறங்குகிறார். முத்துமாரியம்மன் கோயில் வாசலை எட்டுவதற்குள் சாரம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். அம்மனைக் கும்பிட இரண்டு கை வேண்டும். சாரத்தைப் பிடிக்க ஒரு கை வேண்டும். இந்தக் கணக்குத் தீராமல் ஒற்றைக் கையால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு திரும்புபவரைப் பார்த்துப் பூக்கடைக்காரி, முதலாளிக்கு நெஞ்சுவலி என்று வீட்டுக்குச் சொல்லியனுப்புகிறார். அடுத்த நாள் காற்சட்டை, தோல் பட்டி. இப்போது பட்டிக்கும் வயிற்றுக்கும் இடையில் மிளகுப் பை அல்ல, மிளகு ஒன்றுகூட நுழைய இடமில்லை. சுத்தியல் உடைக்குள் மாட்டாமல் இருக்க அதை உள்ளே மறைத்து வைத்த ஒரு வகையை அமெரிக்கக் கம்பனி 1952இலேயே செய்துவிட்டது. தொந்திக்கு இடம்விட்டு ஒரு வகையை இன்றுவரை எவரும் செய்யவில்லை.

ஆலோசனைக் குழு தேநீர்க்கடையில் கூடும். இதில் சிவில் பாதுகாப்புப் படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கட்டாயம் இருப்பார். பன்னிரண்டு போர் துவக்கைத் தவிர வேறெதையும் தொடாதவர், ஆனால் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார். டுபாயில் இருக்கும் மச்சான் கைபேசி வழியாகக் கலந்துகொள்வார். தோட்டத்துத் துரையின் லாச்சியில் வெப்ளி ரிவோல்வர் இருந்ததைத் தன் தாத்தா பார்த்தார் என்று சொல்லும் மூத்தவர் ஒருவரும் உண்டு. துரை அதைச் சுட்டாரா என்றால் சுடவில்லை. லாச்சியைத் திறந்து மூடுவார், அவ்வளவுதான். அதற்கே லயத்தில் காய்ச்சல் வந்துவிடுமாம்.

பேச்சு எந்த வழியாகப் போனாலும் கடைசியில் எம்.ஜி.ஆரிடம் வந்து நிற்கும். அவர் கண்டிப் பக்கத்தில் பிறந்தவர் என்பதால் மாத்தளைக்கு இது ஏறக்குறைய வீட்டு விஷயம். 1967 ஜனவரி 12ஆம் திகதி, சென்னை இராமாவரம் வீட்டில், சக நடிகர் எம்.ஆர்.ராதா மிகக் கிட்ட இருந்து சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. எம்.ஜி.ஆர். பிழைத்தார், குரல் மாறியது, அடுத்த மாதத் தேர்தலில் கழுத்தில் கட்டோடு இருந்த படமே வாக்குச் சேகரித்தது. ராதாவின் உடம்பிலும் குண்டு பாய்ந்திருந்தது; அவர் சிறைக்குப் போனார். ஒரே அறைக்குள் ஒரு ரிவோல்வர் வந்தால் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்பதுதான் மற்றவர்கள் இதில் காண்பது. முதலாளி காண்பது வேறு: குண்டு பழையதாக இருந்திருக்கும், ஆகவே புதுக் குண்டு வாங்கவேண்டும்.

விலை என்று வரும்போது கட்டுப்படியாவது எது என்ற தேடல் இந்தியா வரை போகும். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென்று நிர்பீக் என்ற .32 ரிவோல்வரை வெளியிட்டது. டைட்டானியக் கலவை, ஐந்நூறு கிராம், விலை இந்திய ரூபாயில் ஒரு இலட்சத்து இருபத்திரண்டாயிரத்துக்கு மேல். நகைப்பெட்டி போன்றதொரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இந்தச் செய்தி முதலாளி வீட்டுக்குள் நுழைந்த அன்று நடக்கும் உரையாடல் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். “ஏங்க, நகைப்பெட்டியில வருதுன்னா அந்தக் காசுக்கு நகையே வாங்கிடலாமே” என்பார் வீட்டம்மா. இதற்கு முதலாளியிடம் பதில் கிடையாது. எப்படியும் அந்தப் பெட்டி பாக்குநீரிணையைத் தாண்ட வழியில்லை. இலங்கையில் ஆயுத இறக்குமதி அரசின் அனுமதிக்குள் அடங்கியது.

சட்டம் பழையது: 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரம் வருடாவருடம் புதுப்பிக்கப்பட வேண்டும். பயிர்க் காவலுக்கான துவக்கு என்றால் விண்ணப்பம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலாளரிடம் போகும். சொந்தப் பாதுகாப்புக்கான ரிவோல்வர் என்றால் கொழும்பில் பாதுகாப்பு அமைச்சு. அங்கே விருப்பம் காரணமாகாது. உயிருக்கு ஆபத்து என்பதைக் காட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் முதலாளி சிக்கிக்கொள்கிறார். தனக்கு எதிரியே இல்லை என்று நாற்பது வருடமாக ஊரில் பெருமை பேசியவர், இப்போது ஒரு எதிரியைக் காட்ட வேண்டும். கிராம சேவகர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “யாரு முதலாளி?” என்று கேட்கும்போது, கடன் திருப்பித் தராத இரண்டு பேரின் பெயர் நாக்கு நுனிவரை வந்து திரும்பும். அவர்கள்தான் இவரைக் கண்டு ஒளிகிறவர்கள்.

மாத்தளைக்கும் துவக்கு அனுமதிக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது, அது சிரிப்புக்குரியதும் அல்ல. கோப்பி விலை சரிந்து கஜானா காலியான நேரத்தில், ஆளுநர் டொரிங்டனின் அரசாங்கம் 1848 ஜூலை 1 முதல் துவக்குக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி போட்டது. துவக்கு ஒன்றுக்கு இரண்டரை ஷில்லிங். காட்டோரத்து விவசாயிக்குத் துவக்கும் நாயும் ஆடம்பரம் அல்ல; பன்றியிடமிருந்து சேனையைக் காப்பவை அவைதான். வரி வந்த மாதம் முடியுமுன், ஜூலை 28 அன்று, தம்புள்ளையில் கிளர்ச்சிக்காரர்கள் கொங்காலேகொட பண்டாவுக்கு அரச முடி சூட்டினார்கள். கூட்டம் மாத்தளைக்கு இறங்கி, கச்சேரியைத் தாக்கி, வரிப் பதிவேடுகள் சிலவற்றை அழித்தது. ஆகஸ்ட் 8 அன்று, கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். பண்டாவை மலாக்காவுக்கு நாடுகடத்தினார்கள். அடக்குமுறை பற்றி இலண்டன் நாடாளுமன்றம் விசாரித்தது. டொரிங்டனின் பதவியும் போனது. துவக்குக்கு வரி கட்டமாட்டோம் என்று எழும்பிய அதே ஊரில், என்ன கட்டணமானாலும் கட்டுகிறேன் துவக்கைத் தாருங்கள் என்று கெஞ்சும் ஒரு வகை தோன்றியிருக்கிறது. அன்று கச்சேரிப் பதிவேட்டை அழித்தார்கள். இன்று முதலாளி தன் கோப்புத் தொலைந்துவிடக் கூடாதென்று எழுதுவினைஞருக்குக் கராம்புப் பொட்டலம் கொண்டுபோகிறார்.

உண்மையில் துவக்குத் தேவைப்படுகிறவர் இந்தச் சித்திரத்தின் ஓரத்தில் வேறெங்கோ நிற்கிறார். நாவுல, லக்கலை, வில்கமுவ, கலேவெலப் பக்கத்து விவசாயி அவர். பகலில் குரங்கும் மயிலும், இரவில் பன்றியும் யானையும். அவர் ஐந்தா ஆறா என்று யோசிப்பதில்லை. கிடைக்கும் ஒற்றைக்குழல் துவக்குக்காகக் கச்சேரிக்கு நடக்கிறார், கிடைக்காவிட்டால் தகரம் தட்டுகிறார். காட்டுப் பாதைகளில் களவாகக் கட்டப்படும் கட்டுத்துவக்குகள் மிருகத்தையும் மனிதனையும் வேறுபாடின்றிக் கொல்கின்றன. 2025 மார்ச் 15 அன்று காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம், குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றை நாடு முழுவதும் அவரவர் தோட்டத்தில் நின்று எண்ணச் சொன்னது அரசாங்கம். விவசாயி எண்ணினார். முதலாளியும் எண்ணினார், ஆனால் ஒவ்வொரு குரங்கையும் சுட்டுவிரலை மடக்கி, ஒரு கண்ணை மூடி எண்ணினார்.

அதற்கு முந்திய வருடம் இந்த வகையினரின் வரலாற்றில் முக்கியமானது. சொந்தப் பாதுகாப்புக்கென்று வழங்கப்பட்ட ஆயுதங்களை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி 2024 நவம்பரில் கெடு வைத்துப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. உரிமம் உள்ளவர்கள் கவலையோடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒப்படைக்க எதுவுமே இல்லாத முதலாளி அவர்களைவிட அதிகக் கவலைப்பட்டார். “கையில வந்திருந்தா இப்ப போயிருக்கும்” என்று தேநீர்க்கடையில் அவர் சொன்னபோது குரலில் பறிகொடுத்தவரின் தழுதழுப்பு இருந்தது. கடைக்காரர் அன்று தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

இந்தக் கட்டத்தோடு பெரும்பாலான ரிவோல்வர் முதலாளிகள் வேறு வகையாக மாறிவிடுகிறார்கள். சிலர் கண்காணிப்புக் கெமரா பூட்டி, இரவு முழுவதும் தங்கள் வாசலையே திரையில் பார்க்கிறார்கள். சிலர் நீண்ட டோர்ச் லைட் வாங்குகிறார்கள். அது கிட்டத்தட்ட துவக்கின் பாரம் இருக்கும், பிடியும் நன்றாக இருக்கும். மிகுதியானோர் கடைசியில் நாய் வளர்க்கிறார்கள். அதற்குப் புலி என்றோ டைகர் என்றோ பெயர் வைப்பது வழக்கம்; அண்மையில் ரத்தோட்டைப் பக்கம் வெப்ளி என்ற பெயரும் கேட்கிறது. நாயைப் பதிவு செய்வதற்கும் 1901 முதல் இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் உண்டு. அதற்கான படிவத்தை முதலாளி இன்னும் வாங்கவில்லை.