சரவெடி வேணுமா, பிஜிலி வேணுமா?

எங்கள் தாயில்பட்டிக்கு ஆட்டக்காரர் ஏலம் ஐபிஎல்லுக்கு ரொம்ப முன்பே வந்துவிட்டது. உத்தி பிரிக்கிறது என்று பெயர். ரெண்டு கேப்டன்கள் நிற்பார்கள். மற்றவர்கள் ஜோடி ஜோடியாகத் தோளில் கைபோட்டுக்கொண்டு கருவேல மரத்துக்குப் பின்னால் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவோம். "சரவெடி வேணுமா, பிஜிலி வேணுமா?" கேப்டன் எந்தப் பெயரைக் கேட்கிறானோ அந்த ஆள் அவன் பக்கம். வேறு ஊர்களில் சூரியன், சந்திரன், ரோஜா, மல்லி என்று வைப்பார்களாம். பாதி ஊர் பயர் ஆபீஸுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, வேலைக்குப் போகிற இடத்தில் ரோஜாவுக்கு எங்கே போவது?

நான் எப்போதும் பத்தாயிரம் வாலா. அதை விட்டுவிட்டுப் பிஜிலி கேட்ட கேப்டனை நான் கண்டதில்லை. நான் அடிப்பது ஒரு ரன், விடுவது மூன்று கேட்ச் என்பது எடுத்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வரும். ஜோடி சேராமல் மிஞ்சுகிற பொடியன் ஒருவன் உண்டு, ஒப்புக்குச் சப்பாணி. ரெண்டு பக்கத்துக்கும் ஃபீல்டிங் பண்ணுவான். பேட்டிங் மட்டும் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

பெரிய இடத்துக் கதையும் ஏறக்குறைய இதுதான். 2008-ல் கோலாலம்பூரில் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை ஜெயித்து வந்த பையன்களை ஐபிஎல் அணிகள் ஏலத்தில் எடுக்கவில்லை, முறை வைத்துப் பிரித்துக்கொண்டன. முதல் முறை டெல்லிக்கு. கோப்பை வாங்கிய கேப்டன் விராட் கோலி டெல்லிப் பையன். ஆனால் டெல்லி எடுத்தது பிரதீப் சங்வான் என்ற இடதுகை வேகப்பந்துக்காரரை. கோலி பெங்களூருக்குப் போனார். இதைச் சொல்லி டெல்லியைக் கேலி பண்ணாத டீக்கடை கிடையாது. எனக்கென்னவோ டெல்லி மேல் கோபம் வரவில்லை. சேவாக், கம்பீர், தவான் என்று வீடு நிறைய அரிசி மூட்டை கிடக்கும்போது, கடைக்குப் போனவன் உப்பு வாங்கி வந்தால் குற்றமா? அதுவும் தவிர, அந்தக் கோப்பையில் அதிக ரன் அடித்தவர் கோலி இல்லை. தன்மய் ஸ்ரீவத்சவா, 262 ரன். அவர் கடைசிவரை இந்திய சீனியர் அணிக்கு ஆடவே இல்லை. பிற்பாடு நடுவராகிவிட்டார்.

நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். டென்னிஸ் பந்தில் எறிந்து வளர்ந்த கை. 2017 ஏலத்தில் 10 லட்சத்தில் ஆரம்பித்து 3 கோடிக்குப் போனார். அந்த வருஷம் விழுந்தது ரெண்டே விக்கெட். மறு வருஷம் 40 லட்சத்துக்கு ஹைதராபாத். ரெண்டு வருஷம் உட்கார வைத்தார்கள். 2020-ல் யார்க்கர் யார்க்கராக இறக்கினார். வலையில் பந்து போட ஆஸ்திரேலியா கூட்டிப்போன ஆள், அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். டி20 அணியில் அவருக்கு இடம் விட்டது காயம்பட்ட வருண் சக்கரவர்த்தி. அவர் கதை இன்னும் மோசம்: 2019-ல் 8.4 கோடி விலை, முதல் ஓவரிலேயே 25 ரன்! அந்த ஓவரைப் பார்த்தபோது எனக்குப் பழைய பத்தாயிரம் வாலா ஞாபகம்தான் வந்தது. வருணாவது பின்னால் திரும்பி வந்து வெடித்தார்.

எங்கள் ஒப்புக்குச் சப்பாணி என்ன ஆனான்? பந்து கருவேலங்காட்டுக்குள் போனால் முள்ளுக்குப் பயந்து நாங்கள் யாரும் போக மாட்டோம். அவன்தான் போவான். அங்கிருந்தே விக்கெட்டுக்கு எறிவான். நாளைக்கு நாற்பது எறி என்று நாலு வருஷம். இப்போது வெம்பக்கோட்டைப் பக்கம் டோர்னமென்ட் என்றால் கைக்காசு, பஸ் காசு, புரோட்டா எல்லாம் கொடுத்து அவனைப் பந்துபோடக் கூட்டிப்போகிறார்கள். ஸ்கோர் எழுத என்னையும் ஏற்றிக்கொள்வான். புரோட்டா எனக்கும் உண்டு.

போன சித்திரையில் கண்மாய் காய்ந்து கிடந்தது. ஒரு கேப்டன் குறைகிறது என்று பொடியன்கள் என்னை நிற்க வைத்தார்கள். முதல் ஜோடி வந்தது. "மாமா, ராக்கெட் வேணுமா, சாட்டை வேணுமா?"

கோலி, சங்வான், நடராஜன் எல்லாரையும் ஒரு சுற்று மனசுக்குள் ஓட்டினேன். பெயரைக் கேட்டு ஏமாறுகிற வயசா எனக்கு?

"சாட்டை" என்றேன்.

பல்லைக் காட்டிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றது என் மகன். முதல் ஓவரிலேயே ரெண்டு கேட்ச் விட்டான்.