ரேந்தையும் பெஞ்சும்: எல்லைக் கேள்விகள்

பாறசாலை வாசகர்: எங்கள் வட்டாரத்தின் முதல் பெண்கள் பள்ளிக்கூடம் எது? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.

நாகர்கோவிலில் இருக்கிறது. "அது தமிழ்நாடாயிற்றே" என்று சண்டைக்கு வராதீர்கள். அன்று உங்கள் ஊரும் நாகர்கோவிலும் ஒரே திருவிதாங்கூர். லண்டன் மிஷன்காரர் சார்லஸ் மீடின் மனைவி ஜோஹன்னாவும், 1819 கடைசியில் வந்து சேர்ந்த மார்த்தா மால்ட்டும் வளர்த்த பெண்கள் விடுதிப்பள்ளி அது. டதி ஸ்கூல் என்று கேட்டால் இன்றைக்கும் வழி காட்டுவார்கள். பாறசாலைக்கு 1845இல் ஜான் ஆப்ஸ் பாதிரியார் வந்தார். அவர் வீட்டம்மாவும் பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பித்தார். துரைமார் பெயர்கள் பழைய புத்தகங்களில் முழுசாகவே இருக்கின்றன. அம்மாமாரில் பலர் "மிஸஸ் இன்னார்" என்பதோடு நின்றுவிட்டார்கள். பெண் கல்வியின் வரலாற்றிலேயே இந்த லட்சணம்!

களியக்காவிளை வாசகி: மகளுக்கு இங்கிலீஷ் மீடியம் ஃபீஸ் கட்டிவிட்டு வந்த வயிற்றெரிச்சலில் கேட்கிறேன். மிஷன் பள்ளியில் ஃபீஸ் எவ்வளவு?

ஃபீஸ் கேட்டிருந்தால் ஒருத்தியும் வந்திருக்க மாட்டாள், அம்மா. பெண் படிக்கப் போனால் வீட்டில் ஒரு ஆள் குறையும், வயலில் ஒரு கூலி குறையும். அதனால் சோறு, துணி, புத்தகம் எல்லாம் பள்ளியின் தலையில். இதற்குப் பணம் தேட மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்தில் பிடித்த வழிதான் ரேந்தை, அதாவது லேஸ் பின்னல். கெட்டியான தலையணை மேல் மாதிரி வரைந்த காகிதத்தைப் பொருத்தி, கோடு நெடுகக் குண்டூசி செருகி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை ஜோடி ஜோடியாக இடம் மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். ஒரு கட்டை முறை தவறினால் பின்னியதைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். கண்ணும் கழுத்தும் வலிக்கிற வேலை. வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்கள்.

அடிமையாகப் பிறந்த பெண்கள் சிலர் ரேந்தை பின்னிய கூலியைச் சேர்த்துவைத்து, எஜமானிடம் தங்கள் விலையைக் கொடுத்து விடுதலை வாங்கியிருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, தலையணையும் குண்டூசியும் வைத்துக்கொண்டு! பதிலுக்கு மிஷன் ஒன்றும் கேட்கவில்லையா என்றால், கேட்டது. வேதப் பாடமும் ஜெபமும் கட்டாயம். அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

குழித்துறை வாசகர்: படிக்கப் போன பெண்கள் மேல் ஊருக்கு ஏன் அவ்வளவு கோபம்?

எழுத்தோடு, மார்பை மறைக்கும் குப்பாயம் என்ற ரவிக்கையும் போட்டுக்கொண்டு வந்தார்களே, அதனால்தான். படித்தது வெளியே தெரியாது, குப்பாயம் தெரியும். 1820களிலும் மறுபடி 1858-59இலும் துணியைக் கிழித்தார்கள், ஜெப வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் தீ வைத்தார்கள். கடைசியில் 1859 ஜூலையில் மகாராஜா உத்தரவு வந்தது: நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி கூடாது. மானத்துக்கும் மாடல் வரைந்து கொடுத்த சர்க்கார்!

மார்த்தாண்டம் வாசகர்: மீட் துரையின் மூன்றாவது கல்யாணம் பற்றி...?

வந்துவிட்டீர்களே வம்புக்கு! 1852இல் பறையர் குடியில் பிறந்த லோயிஸ் என்ற பெண்ணை மணந்தார். சமத்துவம் பிரசங்கித்த மிஷனுக்கே அது பொறுக்கவில்லை; மிஷனை விட்டு விலக வேண்டியதாயிற்று. 1855இல் திருவிதாங்கூர் சர்க்கார் அவரைத் தன் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளர் ஆக்கிக்கொண்டது. மிஷனுக்கு நஷ்டம், நமக்கு லாபம்.

நெய்யாற்றின்கரை வாசகி: ஊருட்டம்பலம் பெண்பள்ளிக்கூடமும் தனியார் பள்ளிதானா?

இல்லை, சர்க்கார் பள்ளி. அதுதான் வயிறெரிகிற விஷயம். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1907இலேயே அரசு முடிவெடுத்துவிட்டது. கீழே இருந்த அதிகாரிகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. புலையர் மக்களின் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் குடிச் சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஊருட்டம்பலம் பள்ளி பெஞ்சில் உட்காரவைத்தார். (1910 என்பார்கள் சிலர், 1914 என்பார்கள் சிலர்.) ஒரு குழந்தை உட்கார்ந்ததற்குப் பதிலாகப் பள்ளியையே கொளுத்தினார்கள். கலவரம் பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. தீட்டுப்பட்டுவிட்டதென்று பெஞ்சைக் கழுவியிருந்தால்கூட மூடத்தனம் என்று விட்டுவிடலாம். தங்கள் வீட்டுப் பெண்களும் படிக்கிற கட்டடத்துக்குத் தீ வைப்பது வேறு ரகம்.

காசு இல்லாத மிஷன் ரேந்தை விற்றுக் கதவைத் திறந்தது. ஊர் வரியில் நடந்த பள்ளியோ, வரி கொடுத்தவன் பிள்ளைக்குக் கதவைச் சாத்தியது. வரலாற்றுப் புத்தகத்தில் "கல்வியில் முன்னோடி திருவிதாங்கூர்" என்று படிக்கும்போது இந்த வரியையும் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

பூவார் வாசகர்: எங்கள் கடற்கரைக்கு இந்தக் கதையில் இடம் உண்டா?

உண்டு, நல்ல இடமே உண்டு. அய்யன்காளி பிறந்த வெங்ஙானூர் விழிஞ்ஞத்துக்குப் பக்கத்து ஊர். அவர் தலைமையில், எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று உழைப்பாளிகள் வேலையை நிறுத்தினார்கள். நிலத்துக்காரர்களான ஜன்மிகள், பட்டினி போட்டால் பணிந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கைக் கெடுத்தவர்கள் விழிஞ்ஞம் மீனவர்கள். ஒவ்வொரு வள்ளத்திலும் வயல்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு, பிடித்த மீனில் பங்கு கொடுத்தார்கள். அந்தப் பங்கை வைத்துத்தான் குடிசைகளில் அடுப்பு எரிந்தது.

கொல்லங்கோடு வாசகர்: 1956இல் மாநில எல்லை பிரித்தபோது நெய்யாற்றின்கரையின் தென்பகுதியும் தமிழ்நாட்டோடு சேர்ந்திருந்தால்?

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, கிடைக்கவில்லை. சேர்ந்திருந்தால் அந்தப் பக்கத்து ஊர்களின் பஸ் போர்டுகள் மாறியிருக்கும். பஞ்சமி தமிழ்ப் பாடப்புத்தகத்தில் வந்திருப்பாளா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை. குமரி மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு மார்த்தா மால்ட்டைத் தெரியும், சொல்லுங்கள்?

பாறசாலை வாசகி: மகளைத் தனியார் பள்ளியில் சேர்ப்பதா, அரசுப் பள்ளியில் சேர்ப்பதா?

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளியில். மிச்சமாகும் வேன் காசில் புத்தகம் வாங்குங்கள்.

பாலராமபுரம் வாசகர்: பஞ்சமி உட்கார்ந்த பெஞ்சு இப்போதும் இருக்கிறதாமே, பார்க்க முடியுமா?

பாதி கருகிய பெஞ்சைப் பள்ளியிலேயே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் வைத்தது. உங்கள் ஊரிலிருந்து காட்டாக்கடை போகும் வழியில்தான் ஊருட்டம்பலம். தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, வகுப்பைக் கெடுக்காமல் பாருங்கள். தயவுசெய்து பிள்ளைகளை அதன் மேல் ஏற்றி போட்டோ எடுக்காதீர்கள்.