கீதாரி கணக்கு

வாப்பா பேராண்டி, திண்ணையில உக்காரு. கையில பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டு கல்லல் கடைத்தெரு பூரா சுத்துறியாமே? சவூதியாமே? நல்லது. போறதுக்கு முந்தி இந்தக் கெழவன்கிட்ட நாலு புத்தி வாங்கிக்க. காசு கேக்க மாட்டேன். அதனாலயே ஒனக்கு இது புத்தியாத் தெரியாது.

எங்க, அதக் கொடு. கடைசிப் பக்கத்துல ஈசிஆர்னு போட்டுருக்கு பாத்தியா? மகாபலிபுரம் போற ரோடுன்னு நெனச்சிராத. பத்தாப்பு தேறாத ஆட்டுக்குச் சர்க்கார் கட்டிவிடுற மணி அது. 1983-ல போட்ட சட்டம். அந்த மணி கட்டுன ஆடு சவூதி, மலேசியான்னு 18 நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா, குடிபெயர்வோர் பாதுகாவலர்கிட்ட அனுமதி வாங்கணும். இப்ப 'இ-மைக்ரேட்'டுன்னு கம்ப்யூட்டர்லயே நடக்குது.

ஒங் கூட்டாளி முக்கி மொனகி 35 மார்க்குல தேறுனானே, அவனுக்கு மணியும் இல்ல, கேள்வியும் இல்ல. 35 மார்க்கு வாங்குனவன ஒரு பயலும் ஏமாத்த முடியாதுன்னு டெல்லியில நம்புறாக. அம்பது வயசு தாண்டுனாலும் மணி கெடையாது. அப்பப் பாத்துக்க, நான் எம்புட்டு வெவரமான ஆளுன்னு! 2018 சனவரியில மணிக்காரப் பயலுக பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஆரஞ்சு அட்டை போடப் போறோம்னாக. சனம் சத்தம் போட்டுச்சு. அந்த மாசமே அடங்கிட்டாக.

ஆனா மணியக் கழட்டி எறிஞ்சிராதடா. அதோட சேர்ந்ததுதான் இன்சூரன்சு. 275 ரூவா கட்டுனா ரெண்டு வருசத்துக்குப் பத்து லட்சம். ஏஜென்டு கூலி 30,000-மும் அதுக்கு வரியும், அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு விதி. ஒங்கிட்ட எம்புட்டு வாங்குனான்? வேணாம், சொல்லாத, இப்பத்தான் பிரசர் மாத்திரை போட்டேன். ரசீது இருக்கா? தலையச் சொறியாத!

இன்னொரு கூத்தக் கேளு. இந்த வருசம் இத்தன பேரு வேலைக்குப் போனாகன்னு டெல்லியில ஒரு கணக்குப் படிப்பாக. அது இந்த மணிச் சத்தத்த வச்சு எண்ணுன கணக்கு. சிங்கப்பூரு அந்தப் பதினெட்டுல இல்ல. அங்க போனவுக கணக்குலயும் இல்ல. சுத்திப் பாக்குற விசாவுல போயி வேலைக்கு நின்னவனும் இல்ல. அனுமதிய வாங்கிட்டு, பொண்டாட்டி அழுதான்னு வீட்லயே படுத்துக்கிட்டவன் இருக்கான் பாரு, அவன் இருப்பான்!

ஆட்டு மந்தை மேய்க்கிற நம்ம கீதாரி எப்ப எண்ணுவாரு? பொழுதடைய, ஆடு கெடைக்குத் திரும்புறப்ப. டெல்லிக் கீதாரி விடியக்காலம் ஒரு படலத் தெறந்து, போறத மட்டும் எண்ணுறாரு. வந்துச்சா, வழியில நரி புடிச்சுச்சா, அந்த ஏட்டுல இருக்காது.

2015-ல நெசமாவே எண்ணிப் பாத்தாக. தமிழ்நாடு பூரா 20,000 வீட்டுக் கதவத் தட்டி, "ஒங்க வீட்ல யாரு வெளிநாட்டுல?"ன்னு கேட்டாக. அத வச்சு 22 லட்சம் பேருன்னு மதிப்புப் போட்டாக. மொத எடம் எது தெரியுமா? சிங்கப்பூரு! மணியே அடிக்காத ஊருடா.

ஆனா அதுலயும் ஒரு ஓட்டை உண்டு. வீட்ல ஒரு ஆளு மிச்சமிருந்தாத்தான பதில் சொல்ல? நம்ம பக்கம் எட்டுக்கட்டு வீட்டுக் கதவப் போயித் தட்டச் சொல்லு. குடும்பத்தோட போயிட்டாகன்னா, பூட்டுதான் பேசணும்.

அதனால அப்பு, ஏஜென்டோட லைசென்சு நம்பரப் பாரு. ஒப்பந்தத்துல ஒரு நகல ஒங்க ஆத்தாகிட்ட கொடுத்துட்டுப் போ. திரும்பி வந்தா நேரா இந்தத் திண்ணைக்கு வா. பொழுதடைய எண்ணுறதுக்கு நான் ஒருத்தன்தான் உக்காந்திருக்கேன். வெறுங்கையோட வந்தா எண்ண மாட்டேன். ஒரு கிலோ பேரீச்சம்பழம் கொண்டா. கொட்டை எடுத்ததாப் பாத்து வாங்கு, பல்லு ரெண்டுதான் பாக்கி.